தொண்ணூற்று நாலு மார்க் பாசம்

வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொன்னால் என்னை ஜெயிலில் போடுவார்கள். அந்தக் குழந்தைக்கு யார் மேல் பாசம் என்று சொன்னால் போட மாட்டார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அப்படியொரு மெஷின் வரும் என்று தோன்றவில்லை, பாவம். அதனால்தான் கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வு மையத்தின் வாசலில் காலையிலேயே குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிறார்கள், ஏதோ ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போட்ட மாதிரி.

என் பெயர் ஹெப்சிபா. ரேடியாலஜிஸ்ட். சொந்த ஊர் பாளையங்கோட்டை. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாகியும் இவர்கள் பேச்சில் வரும் ‘ங்க’வுக்கு நான் பழகவில்லை. திட்டினால்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அது திட்டு என்றே நமக்கு உறைக்கும்.

எங்கள் ஆராய்ச்சி என்னவோ சாதுவான ஆராய்ச்சிதான். கருவில் மூளை எப்படி வளர்கிறது, எந்த மாதத்தில் எந்த மடிப்பு விழுகிறது, காது கேட்க ஆரம்பித்ததும் மூளையில் எந்தப் பக்கம் விழித்துக்கொள்கிறது என்று எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்ப்பது. பழைய மெஷினுக்குள் படுத்தால் பக்கத்தில் போர்வெல் போடுவது போல இடிக்கும். அந்த இடியில் குழந்தைக்கு எதைக் கேட்க வைப்பது? பிறகு சத்தமே இல்லாத மெஷின் வந்தது. உள்ளே ஸ்பீக்கரில் ஒரு குரலை ஒலிக்க விட்டு, குழந்தையின் மூளை எவ்வளவு பிரகாசிக்கிறது என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் கொடுத்தோம். எங்கள் டைரக்டர் அதற்குக் ‘குரல் ஈர்ப்புக் குறியீடு’ என்று பெயர் வைத்தார். ஜனங்கள் ஒரே வாரத்தில் அதைப் ‘பாச மார்க்’ ஆக்கிவிட்டார்கள்.

அதோடு போயிற்று எங்கள் நிம்மதி. சித்தப்பாவுக்கு எழுபது, பெரியப்பாவுக்கு நாற்பது என்று வந்தால் சொத்துப் பேச்சுவார்த்தை நின்றது. தாய்மாமனுக்கு மார்க் குறைந்தால் சீர் வரவில்லை. வயிற்றுக்கு முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆர்.எஸ். புரத்தில் ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். விவாகரத்து கேட்ட ஒரு தம்பதி எங்கள் ரிப்போர்ட்டைக் கோர்ட்டில் கொடுத்தார்கள், நீதிபதியும் அதை வாங்கி வைத்துக்கொண்டார். மூளை மடிப்பைப் பற்றி என்னிடம் ஓர் ஆள்கூட இதுவரை கேட்கவில்லை.

இப்படியொரு நாளில்தான் சோமனூரிலிருந்து கவிநயா வந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. பெங்களூரில் செயற்கைக்கோள் பாகங்களைச் சோதிக்கும் இன்ஜினியர். பிரசவத்துக்காக லீவு போட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட அந்தப் புருஷன் சஞ்சித், அவனுடைய அம்மா வளர்மதி. அந்த அம்மாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் லிஃப்டில் ஏறியது மூன்றாவது மாடியில் இருந்த எனக்குத் தெரிந்தது.

“ஏனுங்க டாக்டர், நல்லா இருக்கறீங்ளா? நாங்க தறிக்காரங்கொ. பேச்சு கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க!”

“பரவாயில்லம்மா. உக்காருங்க.”

“உக்கார எல்லாம் நேரமில்லீங்க. புள்ளைக்கு ஆர் மேல பாசம்னு பாத்துச் சொல்லிப்போடுங்க!”

கவிநயா மெஷினுக்குள் படுத்ததும் முதலில் சஞ்சித் பேசினான். மைக் முன்னால் உட்கார்ந்து, “ஹலோ... அப்பா பேசறேன்... சாப்பிட்டியா?” என்றான். மூன்று மார்க். எங்கள் அறையின் ஏ.சி. சத்தத்துக்கே ஐந்து வரும். அவன் வருத்தப்படவில்லை. எதற்குமே வருத்தப்படாத ரகம். அம்மா ஒன்று சொன்னால் அதுவும் சரி, பெண்டாட்டி அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதுவும் சரி.

அடுத்து வளர்மதி. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “என்ற தங்கமே! ஆத்தா பேசறேன் சாமி! வெளிய வா, உனக்கு வெள்ளி அரணாக்கொடி வாங்கி வெச்சிருக்கறேன்!” என்று ஆரம்பித்து ஒரு நிமிஷம் பேசியிருப்பார். ஒலியளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே குடியிருந்தது. திரையில் குழந்தையின் மூளை கார்த்திகை தீபம் போல எரிந்தது. தொண்ணூற்று நாலு. எங்கள் மையத்தில் அதுவரை யாருக்கும் அந்த மார்க் வந்ததில்லை.

கவிநயாவின் குரலை முன்பே பதிவு செய்து வைத்திருந்தோம். ஸ்கேன் ஓடும்போது தாய் பேசினால் வயிறு அசையும், படம் கெட்டுவிடும். அந்தப் பதிவுக்குப் பதினொன்று வந்தது. மெஷினிலிருந்து எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வலது காலில் இடது செருப்பு. அதைக்கூடக் கவனிக்காமல் கதவு வரை போய்விட்டாள்.

பிறகு அவளே எனக்கு ஃபோன் செய்தாள்.

“டாக்டர், லீவு முடிஞ்சா நான் பாப்பாவோட பெங்களூர் போறதாத்தான் இருந்துச்சுங்க. ஆபீஸ்லயே குழந்தைகளப் பாத்துக்க இடம் இருக்குது. இப்ப அத்தை சொல்றாங்க, ‘புள்ளைக்கு எம்மேலதான் பாசம்னு மெஷினே சொல்லிப்போடுச்சு. புள்ள சோமனூர்லயே இருக்கட்டும், நீ வேணா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போ’ன்னு. நான் என்னங்க பதில் சொல்றது? என்ற மார்க் பதினொண்ணு.”

“மார்க்கை வச்சா பிள்ளைய வளப்பாங்க? நீ தாய். அத அவங்க கிட்ட நேரா சொல்லு.”

“அவங்க கிட்டயா?” என்று கேட்டுவிட்டு அவள் ஃபோனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வளைகாப்புக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போயிருக்கக் கூடாது, போனேன். மண்டப வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். வளர்மதி கைகூப்பிச் சிரிக்கிறார், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘பாச மார்க் 94’. கீழே மூலையில் சின்னதாகக் கவிநயா. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர், “அந்த மார்க்குப் போட்ட டாக்டர் நீங்கதானுங்களா? நல்லா இருங்க” என்று என் இலையில் இன்னொரு வெல்லக் கச்சாயம் வைக்கச் சொன்னார். தின்றேன்.

ஆராய்ச்சி விதிப்படி எட்டாம் மாதம் இரண்டாவது ஸ்கேன். அன்றைக்குக் கவிநயா வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எங்கள் நர்ஸ் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்.

“கழட்ட முடியாதுங்க!” என்றார் வளர்மதி. “பிரசவம் ஆகற மட்டும் கழட்டப்புடாது. தங்கத்தையெல்லாம் கழட்டிப்போட்டுத்தான் கூட்டீட்டு வந்திருக்கறேன். கண்ணாடியக் காந்தம் இழுக்குமாங்க?”

இழுக்காது. அது அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் வளையல்கள் குலுங்கும். குழந்தைக்குக் குரலைக் கேட்க வைக்கும் இடத்தில் வளையல் சத்தம் கேட்டால் கணக்குக் கெட்டுவிடும். கடைசியில் நர்ஸ் ஒரு பெரிய பஞ்சுச் சுருளைக் கொண்டுவந்தாள். வளையல்களுக்கு இடையில் பஞ்சைத் திணித்து, மேலே துணி சுற்றினோம். இரண்டு கையும் முறிந்து கட்டுப்போட்டவள் மாதிரி கவிநயா உள்ளே போய்ப் படுத்தாள்.

வளர்மதி மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை இன்னும் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். தாலாட்டில் ஆரம்பித்து, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, அரணாக்கொடியில் முடித்தார். முள் சிவப்பில் நின்றது. நான் திரையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. குழந்தை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது. ஏழு மார்க்.

“மெஷின் ரிப்பேருங்களா டாக்டர்?”

“தெரியலம்மா. வெளிய இருங்க, பாத்துச் சொல்றேன்.”

அவரையும் சஞ்சித்தையும் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கவிநயாவை உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனேன். கைத் துணியை அவிழ்க்கக் குனிந்தேன். அவள் காதுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

“என்னது இது?”

அவள் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. நானே எடுத்தேன். பஞ்சு. இரண்டு காதிலும் அழுத்தித் திணித்திருந்தாள். கைக்குச் சுற்றிய சுருளிலிருந்து எப்போது கிள்ளினாள் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை.

“எதுக்கு இப்படிப் பண்ணின?”

“அத்தை குரலைக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வந்திருதுங்க டாக்டர்” என்றாள். “வீட்டுல எங்கயாச்சும் தள்ளிப் போயிருவேன். மெஷினுக்குள்ள எங்க போறதுங்க? அதான். தப்புன்னா மன்னிச்சுக்கங்க.”

அவளை உட்கார வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் தேய்மானம், இருந்தாலும் ஓடினேன். ஸ்கேனுக்குப் படுக்கும் எல்லோருக்கும் விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டுவோம், நாடித் துடிப்பைக் காட்டும். மயக்கம் கியக்கம் வந்தால் தெரியட்டும் என்று வைத்திருப்பது. அதை ஆராய்ச்சிக்கு என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. முதல் ஸ்கேனின் நாடிக் கோட்டை எடுத்துக் குழந்தையின் மூளைப் படத்துக்கு மேலே வைத்தேன்.

வளர்மதி வாயைத் திறக்கிறார். கவிநயாவின் நாடி எண்பதிலிருந்து நூற்றுப் பதினைந்துக்குக் குதிக்கிறது. அதற்குப் பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, குழந்தையின் மூளை எரிகிறது. முதலில் தாய், பிறகுதான் பிள்ளை. இன்றைக்குத் தாயின் காதை அடைத்தாயிற்று, நாடி அசையவில்லை, பிள்ளையும் அசையவில்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பழைய மெஷின் இருந்தபோது உள்ளே போகிற ஒவ்வொருத்திக்கும் காதடைப்பான் கொடுப்போம். சத்தமில்லாத மெஷின் வந்ததும், எதற்கு வீணாக என்று அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டோம். அன்றிலிருந்து நாங்கள் போட்ட மார்க் எல்லாம் தாய்மார்களுக்குப் போட்ட மார்க். யார் குரலுக்கு எந்தப் பெண்ணின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அளந்து, அதற்குப் பாசம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதில் எத்தனை பயமோ, எத்தனை ஆசையோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

டைரக்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

“நாளைக்குப் பேசிக்கலாம்மா. கோர்ட்டுல நம்ம ரிப்போர்ட் இருக்கு” என்றார்.

“நாளைக்கு நான் மார்க் எல்லாம் தப்புன்னு எழுதியே கொடுத்திருவேன் சார். நீங்க பேசிக்கிட்டே இருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். 

கவிநயாவிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பஞ்சு சுற்றிய கை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். “அப்ப அந்த ஃபிளெக்ஸ்ல போட்டது நான் பயந்த மார்க்குங்களா?” என்றாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. “பாப்பாவுக்கு என் குரல் புடிக்காமத்தான் பதினொண்ணுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க.”

“உன் குரலுக்கு உனக்கெதுக்குப் படபடப்பு வரப்போகுது? அதான் மார்க் இல்ல. அதுக்கு இந்த உலகத்துல தெரிஞ்சது உன்னை ஒருத்தியத்தாம்மா. உனக்கு என்ன ஆகுதோ அதுதான் அதுக்கும் ஆகுது.”

அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். நர்ஸ் பார்க்காதவரை பரவாயில்லை.

“இதை அத்தை கிட்ட நீங்க சொல்லீறீங்களா டாக்டர்?”

“நான் சொன்னா மெஷின் ரிப்பேர்னுதான் சொல்லுவாங்க. நீதான் சொல்லணும்.”

“அவங்க தாங்க மாட்டாங்க.”

“சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பிள்ளையப் பாக்குறத நீ தாங்குவியா?”

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வளர்மதிக்கு வெளியே உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை. பின்னால் சஞ்சித்தும் நின்றான்.

“ஏனுங்க, மெஷினச் சரி பண்ணீட்டீங்களா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க அத்தை” என்றாள் கவிநயா. “நாந்தான் காதுல பஞ்சு வெச்சிருந்தேன்.”

“காதுல எதுக்கு பஞ்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தேன்.

“உங்க குரலைக் கேட்டா எனக்குப் பயமா இருக்குதுங்க. எனக்குப் பயம் வந்தா நெஞ்சு அடிச்சுக்குது, அதுல பாப்பா முழிச்சுக்குது. அந்தத் தொண்ணூத்தி நாலு பாசமில்லீங்க அத்தை. நான் பயந்ததுக்கு வந்த மார்க்குங்க.”

வளர்மதி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் இடி விழும் என்று காத்திருந்தேன்.

“நான் உன்னைய ஒரு நாளாச்சும் அடிச்சிருக்கறனா கண்ணு?”

“இல்லீங்க.”

“ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கறனா?”

“இல்லீங்க அத்தை. நீங்க சாப்பிடக் கூப்பிடறதே திட்டற மாதிரித்தானுங்க இருக்குது.”

சஞ்சித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டான்.

“தறிக் கொடோனுக்குள்ள இருபத்தியாறு தறி ஓடும் டாக்டர்” என்றார் வளர்மதி, என்னிடம். “அதுக்குள்ள மெதுவாப் பேசுனா ஆருக்குங்க கேக்கும்? கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து கத்திக் கத்தி இப்புடி ஆகிப்போச்சுங்க. தறிய வித்துப்போட்டோம். குரல ஆரு கிட்டங்க விக்கறது?” கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் பேசுனா புள்ள நெசமாலுமே முழிச்சுக்குதுங்களா?”

“ஆமாம்மா.”

“மறுபடி தூங்கறதுக்கு?”

“கவிநயாவோட நாடி அடங்கணும்.”

“இன்னொருக்கா பேச உடுங்க. பஞ்சு வேண்டாம். நானே பாக்கோணும்.”

கவிநயா என்னிடம் தலையாட்டினாள், மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தாள். இந்தத் தடவை திரையில் நாடிக் கோட்டையும் குழந்தையின் மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மைக்கை இரண்டு பக்கமும் திறந்துவிட்டேன், உள்ளே இருப்பவள் பேசினாலும் கேட்கும். படம் கெட்டால் கெடட்டும்.

“கவி!” என்றார் வளர்மதி. மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். முள் சிவப்புக்குப் போனது. நாடி எகிறியது. அடுத்த கணம் குழந்தையின் மூளை எரிந்தது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டுவிட்டது போல அவர் மைக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். திரையையே பார்த்தார். அந்த வெளிச்சம் அடங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கருகே குனிந்தார்.

“கண்ணு, நீ பெங்களூருக்கே போ. புள்ளையையும் கூட்டீட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நாடி குதித்தது. நூறைத் தாண்டியது, நூற்று இருபதைத் தாண்டியது. அதன் பின்னாலேயே குழந்தையின் மூளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஜெகஜோதியாக எரிந்தது. கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு மார்க்கைப் போட்டது. தொண்ணூற்றெட்டு.

வளர்மதி எழுந்தே நின்றுவிட்டார்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா டாக்டர்! தொண்ணூத்தி எட்டு! பயமும் இல்ல, மண்ணும் இல்ல! புள்ளைக்கு எம்மேல பாசந்தானுங்க! டேய் சஞ்சித்து, பாருடா! நான் சொன்னேனில்ல?”

“அம்மா, அது சந்தோஷம்மா. அவளுக்குச் சந்தோஷம் வந்தாலும் நாடி ஏறும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது” என்றேன். யார் காதில் விழுந்தது?

“அப்படின்னா புள்ள சோமனூர்லயே இருக்கட்டும்! இத்தன பாசம் வெச்சிருக்கற புள்ளையப் பெங்களூருக்கு அனுப்பறது பாவமுங்க!”

எனக்கு அங்கேயே ஒரு நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. அதற்குள் ஸ்பீக்கரில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அத்தை.”

வளர்மதி நின்றார்.

“சொன்னது சொன்னதுதானுங்க. பாப்பா எங்கூடத்தான் வரும். நீங்க எப்ப வேணாலும் வாங்க, எத்தன நாள் வேணாலும் இருங்க. ஆனா பாப்பா எங்கூடத்தான்.”

நான் நாடிக் கோட்டைப் பார்த்தேன். ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். எண்பது. அவள் பேசி முடித்த பிறகும் எண்பது. மாமியாரின் சத்தம் ஸ்பீக்கர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்த நேரத்தில் அது இறங்கியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

வளர்மதியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, மைக்கைத் தள்ளி வைத்தார்.

“இப்ப எத்தனைங்க டாக்டர்?”

“மார்க்கே இல்லம்மா. தூங்குது.”

“அவ பேசயிலயுமா?”

“அவ பேசுறதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குது.”

சஞ்சித் முன்னால் வந்து, “டாக்டர், அப்ப என்ற மூணு மார்க்குக்கு என்னங்க அர்த்தம்?” என்று ஆரம்பித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

வளர்மதி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “சும்மா இரு சாமி, புள்ள தூங்குது” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.